மாசி பங்குனியில கண்டு, குட்டி, குஞ்சு எல்லாம் ஒரேயடியா வந்தா

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதல்ல சுருக்கமா எழுதிறன், வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் விளங்க வேணும். ஒட்டுசுட்டான் பக்கம் மாமாவின்ட காணியில இருக்கிறீங்கள், ஜேர்சிக் கலப்பு நாகு ஒண்டு முதல் கண்டுக்கு நிக்குது, ஆடு மூண்டு, ஊர்க்கோழி கொஞ்சம். போன மார்கழி மழைக்க ஒரு ஆடு போட்ட ரெண்டு குட்டியும் தப்பேல்ல. இந்தமுறை எல்லாம் தை மாசியில வருது, என்ன ஆயத்தம் செய்யிறது, நஞ்சு (நஞ்சுக்கொடி) விழாமல் கண்டுக்குப் பால் விடக்கூடாது எண்டு மாமி சொல்லுறது சரியோ, பக்கத்து வளவுக்காரர் இரட்டைக் கண்டில நாகை விக்கிறார் வாங்கலாமோ. இவ்வளவும்தானே. நான் முத்தையன்கட்டுப் பக்கம், சின்னனில இருந்தே மாடு ஆட்டோடதான், வீட்டுக்காரர் கால்நடைப் பகுதியில வேலை செய்து இளைப்பாறினவர், அதால அவர் சொன்னதும் நான் செய்யிறதும் கலந்துதான் வரும், நீளமா இருந்தா குறை நினைக்காதேங்கோ.

உண்மையைச் சொன்னா, குட்டி போடுற இரவில நாங்கள் செய்யிற வேலை கொஞ்சம்தான். குட்டி தப்புமோ தப்பாதோ எண்டது அஞ்சு மாசம், ஒம்பது மாசம் முதலே பாதி முடிவாகியிடும். வன்னியில மழை ஐப்பசியில தொடங்கி மார்கழி முழுக்க, சில வருசம் தை நடுவரைக்கும் நிண்டு பெய்யும். அதுக்குள்ள குட்டி விழுந்தா ஈரம், சேறு, வாடைக்காத்து எல்லாம் சேந்து அதைத்தான் பிடிக்கும். 2022 மார்கழியில மாண்டஸ் புயல் நேரம் நினைவிருக்கும், அந்த ரெண்டு மூண்டு நாள் குளிரிலயும் காத்து மழையிலயும் வடக்கு கிழக்கில மாடு, எருமை, ஆடு எண்டு ஆயிரத்துக்கு மேல செத்துப் போச்சுது. ஏதோ புது வருத்தம் பரவுதெண்டு சனம் பயந்தது, பிறகு பாத்தா குளிர்தான் காரணம் எண்டு சொன்னவை. வளந்த மாட்டுக்கே அந்தக் கதி எண்டா நனைஞ்ச மேலோட பிறக்கிற ஒண்டரைக் கிலோ குட்டிக்கு என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. உங்கட ரெண்டு குட்டியும் போனதுக்கு நீங்கள் அந்த இரவு எதையும் விட்டுட்டீங்கள் எண்டு மனசைப் போட்டு உடைக்காதேங்கோ, ஆடியில கிடாய் ஏறினதுதான் கதை.

ஆட்டுக்கு சினைக்காலம் 150 நாள், அஞ்சு நாள் முந்திப் பிந்தி வரலாம். அது கிட்டத்தட்ட அஞ்சு அமாவாசைக் கணக்கு. நல்லூர்த் தேர் ஆவணி அமாவாசைக்கு முதல்நாள் வரும், அண்டைக்குக் கிடாய் ஏறின ஆடு தை அமாவாசையை ஒட்டிக் குட்டி போடும், வேணுமெண்டா கலண்டரை எடுத்து எண்ணிப் பாருங்கோ. அதால ஆனி, ஆடியில கிடாயைத் தனியக் கட்டி வச்சிட்டு நல்லூர்த் தேர் முடிஞ்சாப் பிறகு விட்டா சரி. கிடாய் ஊராற்றை, வேலி பாஞ்சு வருது எண்டா கஷ்டம்தான், உங்கட ஆடுகளை அந்த ரெண்டு மாசமும் கண்ணுக்கு முன்னால மேய விடுறதைத் தவிர வழியில்லை. மாட்டுக்கு 283 நாள் அளவில, ஒம்பது மாசமும் பத்து நாளும் எண்டு வையுங்கோ. வைகாசியில வாற வற்றாப்பளைப் பொங்கல் கிழமை சினை ஊசி போட்ட மாடு அநேகமா சிவராத்திரி கழிஞ்சு பங்குனி உத்தரத்துக்கு முந்திக் கண்டு போடும். எருமை இன்னும் ஒரு மாசம் கூட எடுக்கும், 310 நாள் அளவு. மாசி பங்குனி எண்டா மழை விட்டிருக்கும், குளத்தில தண்ணி நிக்கும், காடு முழுக்கப் பச்சை, பெரும்போக வெள்ளாண்மை வெட்டி முடிய வயலும் மேய்ச்சலுக்குத் திறபடும், வைக்கலும் புதுசா வரும். தாய்க்குப் பால் ஊறுறதுக்கு இதைவிட நல்ல காலம் எங்கட பக்கம் இல்லை. தைப்பனி தரையைத் துளைக்கும் மாசிப்பனி மச்சைத் துளைக்கும் எண்டு பழமொழி இருக்குத்தானே, இரவில பனி கொட்டும், அதுக்குக் கூரை மட்டும் வேணும்.

ஆனா இதுக்குள்ள ஒரு இடக்கு இருக்கு, அதை ஒருத்தரும் சொல்லித் தரமாட்டினம். வயித்துக்க குட்டி பெருசா வளர்றது கடைசிக் காலத்திலதான், ஆட்டில எண்டா குட்டியின்ட நிறையில மூண்டில ரெண்டு பங்குக்கு மேல கடைசி ஆறு ஏழு கிழமையிலதான் வைக்கும். மாசியில போடுற மாட்டுக்கும் ஆட்டுக்கும் அந்தக் கடைசிக் காலம் சரியா மார்கழி தையில வந்து நிக்கும். அந்த நேரம் வயலெல்லாம் நெல்லு நிக்குது, மாடு கால் வைக்க ஏலாது, மேய்ச்சல் தரவையும் தண்ணிக்க, காட்டோரம் விட்டா யானை, வீட்டில கட்டினா தீனி இல்லை. அப்ப தாய் தன்ர உடம்பைக் கரைச்சுத்தான் குட்டியை வளக்கும், பிறகு கண்டு போட்டாப் பால் இல்லை, எழும்பவும் பெலன் இல்லை. அதால மாரிக்குத் தீனியைச் சிறுபோக வைக்கலில இருந்தே சேக்க வேணும், போரைக் கல்லுக்கு மேலயோ பலகைக்கு மேலயோ உயத்திப் போட்டு, மேல படங்கால வடிவா மூடி. வைக்கலைச் சும்மா போடாமல் 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணியில நல்லாக் கரைச்சுத் தெளிச்சு, பொலித்தீனால காத்துப் புகாமல் மூடி ரெண்டு மூண்டு கிழமை வச்சு எடுத்துக் குடுத்தா சத்தும் கூடும் மாடும் விரும்பித் தின்னும், ஆனா அளவு கூடினா நஞ்சு, சின்னக் கண்டுகளுக்கு அதைக் குடுக்கவே கூடாது. வேலிக் கிளிசறியாக் குழையை வெட்டி ஒரு இரவு வாட விட்டுக் குடுங்கோ, பச்சையா மணத்துக்குத் தின்னாத மாடும் வாடினாத் தின்னும். இப்பில் இப்பில் மரக் குழையும் நல்லதுதான், அதையே முழுநேரமாப் போட்டா மயிர் கொட்டும். மரவள்ளி இலை பச்சையாப் போடவே வேண்டாம். தவிடும் புண்ணாக்கும் உங்கட கையில இருக்கிற காசைப் பொறுத்தது, கொஞ்சம்தான் வாங்க ஏலுமெண்டா வருசம் முழுக்கப் பிரிச்சுக் குடுக்காமல் அந்தக் கடைசி ரெண்டு மாசத்துக்கு வையுங்கோ.

உங்கட நாகுக்கு என்ன ஊசி போட்டது எண்டு நீங்கள் எழுதேல்ல. ஜேர்சிக் கலப்பு எண்டா திரும்ப ஜேர்சியோ சாகிவாலோ போட்டிருந்தாப் பயமில்லை. சின்ன உடம்பு ஊர் நாகுக்குப் பால் கூட வேணுமெண்ட ஆசையில பிரீசியன் போடுறவை இருக்கினம், கண்டு பெருசா வளந்து வழியில சிக்கும், முதல் கண்டில அது உயிர் ஆபத்து. ஊசி போட்ட துண்டை எடுத்துப் பாருங்கோ, பிரீசியன் எண்டு கிடந்தா டொக்டருக்கு இப்பவே சொல்லி வையுங்கோ, அவருக்கும் ஆயத்தமா இருக்கலாம். வாற முறை ஊசிக்கு வாறவர் குப்பியைத் திறக்க முதல் நீங்களே கேளுங்கோ, கேக்கிறதுக்கு வெக்கப்படாதேங்கோ.

கண்டு போடுற இடம் பெரிசா ஒண்டும் வேண்டாம். கொட்டில்ல ஒரு மூலையைச் சுத்தமாக்கி, பழைய சாணி மண்ணை வழிச்செடுத்து, சுண்ணாம்பு தூவி, காஞ்ச வைக்கல் தடிப்பாப் பரவி, வாடைப் பக்கத்துக்கு உரபாக்கைப் பிரிச்சுத் தைச்சு மறைப்பு. மறைப்பு நிலத்தில இருந்து மாட்டின்ட நெஞ்சு உயரம் இருந்தாக் காணும், முழுக்க மூடினா ஈரம் அடைஞ்சு மணக்கும். ஆட்டுக்குப் பரண் இருந்தாலும் குட்டி போடுற கிழமை கீழ வைக்கல்ல விடுங்கோ, பரண் இடுக்குக்க பிறந்த குட்டியின்ட கால் போய் முறிஞ்சதைக் கண்டிருக்கிறன். வைக்கல் இருந்தா எலி வரும், எலி வந்தா புடையன் வரும், ரோச் இல்லாமல் இரவில கொட்டிலுக்க கால் வைக்காதேங்கோ.

இனி அந்த நாள். மடி நிறைஞ்சு காம்பெல்லாம் இறுகும், வாலடியில ரெண்டு பக்கமும் இருக்கிற இறுக்கம் தளந்து குழி விழும், பின்பக்கம் வீங்கும், தெளிஞ்ச சளி நூலா வடியும், தீனி தின்னாமல் எழும்பிறதும் படுக்கிறதுமா நிக்கும். இவ்வளவுக்கும் கிட்டப் போகாதேங்கோ, முதல் கண்டு நாகுக்கு ஆக்கள் சுத்தி நிண்டாப் பயத்தில முக்கிறதையும் நிப்பாட்டிப்போடும். தண்ணிக்குடம் வந்தாப் பிறகு நேரத்தைப் பாத்துக் குறிச்சு வையுங்கோ, போனில ஒரு படம் எடுத்தாலே நேரம் நிக்கும். ரெண்டு குளம்பும் அதுக்கு மேல மூக்கும் வந்தா எல்லாம் சரி, விடுங்கோ. குளம்பின்ட அடிப்பக்கம் நிலத்தைப் பாத்தா அது முன்னங்கால். வானத்தைப் பாத்தா அநேகமா பின்னங்கால், இல்லாட்டி கண்டு மல்லாந்து கிடக்குது, ரெண்டுக்கும் உடன போன் எடுக்க வேணும். ஒரு கால் மட்டும் வாறது, காலில்லாமல் தலை மட்டும் வாறது, வால் மட்டும் தட்டுப்படுறது, இதெல்லாம் நாங்கள் கை வைக்கிற விசயமில்லை. எல்லாம் நேராத்தான் வருது எண்டாலும் குடம் உடைஞ்சு மாட்டில ஒரு மணித்தியாலம், முதல் கண்டு எண்டா ரெண்டு மணித்தியாலம் போயும் முன்னேற்றம் இல்லையெண்டா டொக்டர்தான். ஆட்டில அரை மணி முக்காமணி நல்லா முக்கியும் ஒண்டும் வரேல்லயெண்டா அதே கதைதான். எங்கட பக்கம் டொக்டர் வந்துசேர நேரம் எடுக்கும், இரவில யானை நிக்கிற ரோட்டில அவரை வா எண்டு சொல்லவும் ஏலாது, அதால காத்திருந்து பாப்பம் எண்டதை மற்ற ஊர்க்காரரை விட நாங்கள் கெதியா விட வேணும். டொக்டர்ர நம்பரையும் கால்நடைப் போதனாசிரியர்ர நம்பரையும் ஒரு மட்டையில எழுதி கொட்டில்ல கட்டுங்கோ, போனில சார்ஜ் இல்லாத நேரம்தான் மாடு கண்டு போடும். இழுக்க வேண்டி வந்தா மாடு முக்கிற நேரம் மட்டும், ரெண்டு பேருக்கு மேல இல்லை, நேரா இல்லாமல் மாட்டின்ட பின்னங்கால் பக்கமாச் சரிச்சுக் கீழ இழுக்க வேணும். ரைக்ரரில கட்டி இழுக்கிறம் எண்டு யாரும் வந்தாப் படலையைச் சாத்துங்கோ.

கண்டு விழுந்த உடன மூக்கு வாய்ச் சளியை வழிச்சுவிட்டு, மூச்சு வராட்டி ஒரு வைக்கல் துரும்பால மூக்குக்க குத்துங்கோ, தும்மினாச் சரி. நெஞ்சு நிலத்தில படக் குந்த வச்சு, சாக்கால முதுகைத் தேயுங்கோ. மிச்சத்தைத் தாய் நக்கட்டும், அந்த நக்கலிலதான் கண்டுக்கு ரத்தம் ஓடும், தாய்க்குப் பிள்ளைப் பாசமும் ஏறும்.

மாமி சொன்ன கதைக்கு வாறன். நஞ்சு விழும்வரை பால் விடக்கூடாது எண்டது எங்கட அம்மம்மா காலத்திலயும் இருந்த கதை, மாமியோட சண்டை பிடிக்க வேண்டாம், ஆனாக் கேக்கவும் வேண்டாம். மனுசப் பிள்ளைக்கு வயித்துக்க இருக்கேக்கயே தாயின்ட நோய் எதிர்ப்புச் சத்து ரத்தத்தால போயிடும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் அந்த வழி இல்லை, கண்டு ஒரு எதிர்ப்பும் இல்லாமல்தான் பூமிக்கு வருது, அதுக்குக் கிடைக்கிறதெல்லாம் கண்டு போட்ட உடன சுரக்கிற கடும்புப் பாலாலதான். அந்தச் சத்தைக் கண்டின்ட குடல் அப்பிடியே ரத்தத்துக்க எடுக்கிறது பிறந்த முதல் கொஞ்ச மணித்தியாலம்தான், நேரம் போகப்போக அடைபட்டு 24 மணித்தியாலத்தில முடிஞ்சிடும், பிறகு எவ்வளவு கடும்பு குடிச்சாலும் வயிறு நிறையும், அவ்வளவுதான். அதால ஒண்டு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள முதல் குடி, அரை நாளுக்குள்ள கண்டின்ட நிறையில பத்தில ஒரு பங்கு. இருபது கிலோக் கண்டுக்கு ரெண்டு லீற்றர். கண்டு காம்பைத் தேடித் தெரியாமல் நெஞ்சை முட்டிக்கொண்டு நிண்டா நீங்கள் கறந்து சூப்பிப் போத்தல்ல குடுங்கோ, கழுத்தை மேல தூக்கிப் பிடிக்காமல் தாயில குடிக்கிற உயரத்தில வச்சு. இன்னுமொண்டு, கண்டு இடிச்சுக் குடிக்கிற நேரம்தான் தாயின்ட கருப்பை சுருங்கும், நஞ்சு கெதியா விழுறதே அதாலதான். அப்ப மாமியின்ட ஆசையும் நிறைவேறும். கண்டு குடிச்சு மிச்சம் வந்தா ஒரு போத்தல்ல பிரிஜ் மேல்தட்டில உறைய வையுங்கோ, ஆட்டுக்குட்டி தாயில்லாமல் போற நாளுக்கு உதவும், அடுப்பில வைக்காமல் இளஞ்சுடு தண்ணிக்க போத்தலோட இளக்கிக் குடுக்கலாம். அதுக்கும் மேல மிச்சமெண்டாத்தான் சக்கரையும் ஏலக்காயும் போட்டு அவிச்சுச் சாப்பிடுறது. பால் எடுக்கிற இடத்திலயும் முதல் நாலஞ்சு நாள் பால் எடுக்கமாட்டினம், காய்ச்சினாத் திரையும்.

நஞ்சு அநேகமா பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள்ள விழும். ஒரு நாள் போயும் தொங்கினா டொக்டருக்குச் சொல்லுங்கோ. தொங்கிறதில கல்லைக் கட்டுறது, பழைய செருப்பைக் கட்டுறது, கையைச் சுத்தி இழுக்கிறது எல்லாம் உள்ளுக்க கிழிச்சு ரத்தம் போகப் பண்ணும், கருப்பையில சீழ் பிடிச்சா வாற வருசம் சினைப்படாது. விழுந்ததை உமல்ல போட்டு ஆலமரத்தில கட்டுற வழக்கத்தை விடாதேங்கோ, பால் மரத்தில கட்டினா மாட்டுக்குப் பால் ஊறும் எண்டது நம்பிக்கை, நாயும் நரியும் அந்த மணத்துக்குக் கொட்டில் வாசலுக்கு வராமல் இருக்கிறது கைகண்ட பலன்.

கண்டு போட்டு மூண்டு நாளுக்குள்ள மாடு தள்ளாடி விழுந்து, கழுத்தை வளைச்சு வயித்துப் பக்கம் தலையை வச்சுக்கொண்டு, காது குளிந்து கிடந்தா அது கல்சியக் குறைவு, பால்காய்ச்சல் எண்டு சொல்லுறது. காய்ச்சல் எண்டு பேர் இருந்தாலும் காய்ச்சல் இருக்காது. டொக்டர் வந்து நரம்பில கல்சியம் ஏத்தினா எங்கட கண்ணுக்கு முன்னாலயே எழும்பும், அவ்வளவு கெதி. அவர் வரும்வரை நெஞ்சில குந்த வச்சு ரெண்டு பக்கமும் வைக்கல் மூட்டை அணைவு குடுங்கோ, வாயால ஒண்டும் பருக்க வேண்டாம், விழுங்க ஏலாத மாட்டுக்குப் பருக்கினதெல்லாம் சுவாசப்பைக்குள்ளதான் போகும். நல்லாப் பால் கறக்கிற கலப்பு மாட்டில மூண்டாம் நாலாம் கண்டுக்குத்தான் இது கூட, உங்கட நாகுக்கு இந்தமுறை அநேகமா வராது, தெரிஞ்சு வையுங்கோ.

ஆட்டில எங்களுக்கு வேலை கூட. ஊர் ஆடு ரெண்டு போடும், சிலது மூண்டும் போடும், ஜமுனாபாரி அநேகமா ஒண்டு ரெண்டு. காம்பு ரெண்டுதான், மூண்டாவது எப்பவும் ஓரத்தில நிக்கும். குட்டி விழுந்த உடன ரெண்டு காம்பையும் ஒருக்காப் பீச்சிப் பாருங்கோ, மெழுகு மாதிரி ஒரு அடைப்பு இருக்கும், அது போகாட்டி குட்டி உறிஞ்சி உறிஞ்சிக் களைச்சுப் படுத்திடும், நாங்கள் குடிச்சிட்டுத்தான் படுத்திருக்கு எண்டு நினைப்பம். குட்டி குடிச்சதோ எண்டு வயித்தைத் தொட்டுப் பாத்தாலே தெரியும், விலாவுக்குப் பின்னால ஒட்டிக் கிடந்தாக் குடிக்கேல்ல. சோந்து கிடக்கிற குட்டியின்ட வாய்க்க விரலை விடுங்கோ. உள் வாய் சூடா இருந்து விரலை உறிஞ்சினா உடன பால் குடுக்கலாம். வாய் குளிந்து கிடந்தா முதல்ல சூடாக்க வேணும், பிறகுதான் பால், குளிந்த குட்டிக்குப் பாலை ஊத்தினாச் செமிக்காது, மூச்சுக் குழாய்க்கையும் போகும். வெந்நீர் போத்தலைத் துணியால சுத்தி அணைச்சு, சாக்குக்க சுத்தி, அடுப்படிச் சூட்டுக்குக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ. தாய் குட்டியை ஏற்காமல் இடிச்சா வேறொரு ஆளைக் கொண்டு தாயைச் சுவரோட பிடிச்சுக் குடிக்க விடுங்கோ, குட்டியின்ட முதுகில தாயின்ட நஞ்சுத் தண்ணியும் கொஞ்சம் உப்பும் தடவினா நக்கத் தொடங்கும், ஒருக்கா நக்கினா அநேகமா ஏற்கும். வீட்டு நாயைத் தாயின்ட கண்ணில படத் தூரத்தில கட்டினாலும் சில ஆடு குட்டியைத் தன்ர பக்கம் இழுக்கும், அது ஒரு பழைய தந்திரம். மூண்டாவது குட்டியைப் பிள்ளையள் தூக்கிக்கொண்டு திரிஞ்சு போத்தல்ல வளக்கட்டும், ஒண்டும் குறையாது, ஆனாப் பிறகு அதை விக்க விடமாட்டுதுகள், அதையும் இப்பவே யோசியுங்கோ.

தொப்புளை மறக்கிறதுதான் கனபேர் விடுறது. பிறந்த உடன ஒரு சின்னக் கிண்ணத்தில அயடின் விட்டுத் தொப்புள்கொடியை அதுக்க முழுக்கத் தோயுங்கோ, பஞ்சால தடவினாக் காணாது, நடுவில ஓட்டை இருக்கிற குழாய் அது. அடுத்த நாளும் ஒருக்கா. சாம்பல் பூசுறது, சாணி பூசுறது வேண்டவே வேண்டாம். இலையான் மொய்ச்சு முட்டை போட்டாப் புழு ரெண்டு நாளில உள்ளுக்க இறங்கும், குட்டி திரும்பித் திரும்பித் தொப்புளை நக்கினாப் பிரட்டிப் பாருங்கோ. புழு வந்தா கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில கரைச்சு விட்டா வெளியில வரும், எங்கட பக்கம் அன்னமுன்னா இலையை அரைச்சும் வைக்கிறவை, ஆழமாப் போயிருந்தா டொக்டரிட்டக் காட்டுங்கோ. ரெண்டு மூண்டு கிழமையில கண்டுக்குப் பூச்சி மருந்து குடுக்க வேணும், தாய்ப்பாலாலயே வாற வட்டப்புழு ஒண்டு இருக்கு, எருமைக் கண்டில இன்னும் கூட, வயிறு ஊதி மயிர் சிலிர்த்து மணக்கிற கழிச்சல் போனா அதுதான். மருந்தின்ட அளவு கண்டின்ட நிறைக்கு, அதை இஞ்ச எழுதமாட்டன், நிறையைச் சொல்லி கந்தோரில கேளுங்கோ. கழிச்சல் பிடிச்ச கண்டுக்குப் பாலை நிப்பாட்டாதேங்கோ, பாலும் வேணும் தண்ணியும் வேணும், பார்மசியில வாங்கிற ஜீவனியை (வயித்தோட்டத்துக்குக் குடுக்கிற உப்புச்சக்கரைத் தூள்) கரைச்சுப் பால் குடுத்து ரெண்டு மணித்தியாலம் விட்டுக் குடுங்கோ, கண் குழி விழுந்து எழும்பாமல் கிடந்தா வீட்டு வைத்தியத்தை விட்டிட்டு உடன காட்டுங்கோ.

கோழி எண்டா எல்லாரும் லேசா நினைக்கிறது. தை கடைசியில அடை வைச்சா மாசி நடுவில குஞ்சு, 21 நாள். ஊர்ப்பேடு ஒண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைதான், பதினைஞ்சு வைச்சா ஓரத்தில இருக்கிறது சூடு பிடிக்காமல் எல்லாம் மாறி மாறிக் கெடும். முட்டை இட்டு ஒரு கிழமைக்குள்ளதா இருக்க வேணும், பிரிஜ்ஜில வச்சது வேண்டாம். கடகத்தில மணல், அதுக்கு மேல வைக்கல், கொஞ்சம் வேப்பமிலையும் சாம்பலும், பேன் வராது. இடி முழங்கினா முட்டை கூழாகும் எண்டு இரும்புத் துண்டும் கரித்துண்டும் வைக்கிறதெல்லாம் உங்கட விருப்பம், அதால கெடுதலும் இல்லை. ஏழாம் நாள் இரவு போன் லைற்றுக்கு மேல முட்டையைப் பிடியுங்கோ, சிலந்தி மாதிரி நரம்போடினது நல்லது, வெறுந்தெளிவா இருக்கிறதைக் கறிக்கு எடுக்கலாம். தாராமுட்டையைக் கோழிக்குக் கீழ வைக்கிறதெண்டா 28 நாள், ரெண்டையும் ஒண்டா வைக்காதேங்கோ, குஞ்சு வந்த உடன பேடு எழும்பிப் போயிடும். குஞ்சுக்கு முதல் கிழமை குறுணலும் தண்ணியும், கறையான் கிடைச்சா அதைவிடத் தீனி இல்லை. பழைய பானைக்க காஞ்ச சாணியும் உமலுக் கந்தலும் போட்டுக் கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் புத்துக்குப் பக்கத்தில கவுத்து வையுங்கோ, விடியப் பிரட்டினா குஞ்சுகள் உங்கட காலைச் சுத்தி நிக்கும். பிராந்து, காகம், கீரி எல்லாம் அந்த முதல் மூண்டு கிழமைக்குத்தான் காத்திருக்கும், கரப்பால மூடுங்கோ, பகலிலயும். பச்சையாக் கழிஞ்சு கழுத்துத் திருகுற ராணிக்கெட் வெயில் ஏறேக்க ஊரையே துடைச்சுக் கொண்டு போகும், அதுக்குத் தடுப்பு மருந்து கண்ணில விடுறது, ஒரு குப்பி கனக்கக் கோழிக்குக் காணும், கரைச்சாக் கொஞ்ச நேரத்துக்குள்ள முடிக்க வேணும், அதால நாலு வீட்டுக்காரர் சேந்து ஒரே நாளில எடுங்கோ.

கடைசியா அந்த இரட்டைக் கண்டு. புதுசா எது வாங்கினாலும் மூண்டு கிழமை தனியக் கட்டித் தீனி தண்ணி வேறயா வைக்க வேணும், உண்ணி பாக்க வேணும், காதுப்பட்டி இருக்கோ, குறி யாற்றை எண்டு கேக்க வேணும், 2009க்குப் பிறகு காடேறின மாடுகளால எவ்வளவு பிரச்சினை வந்ததெண்டு மாமாவிட்டக் கேட்டாத் தெரியும். வாகனத்தில ஏத்துறதெண்டா அனுமதிப் பத்திரம் இல்லாமல் ஏத்தாதேங்கோ, பொலிஸ் மறிச்சா நீங்கள்தான் நிக்க வேணும். இது பக்கத்து வளவு, நடத்திக்கொண்டு வரலாம், சரி. ஆனா வளவுக்காரரிட்ட ஒரு கேள்வி கேளுங்கோ: மற்றக் கண்டு நாம்பனோ நாகோ, ஆணோ பெண்ணோ? ரெண்டும் நாகு எண்டா விலை பேசலாம். மற்றது நாம்பன் எண்டா, நஞ்சுக்க ரெண்டின்ட ரத்தமும் கலந்து நாகின்ட கருப்பை ஒழுங்கா வளந்திருக்காது, பத்தில ஒம்பது மலடுதான், நீங்கள் ரெண்டு மூண்டு வருசம் வளத்துப் பிறகு ஊசிக்கு மேல ஊசி போட்டுக்கொண்டு நிப்பீங்கள். விக்கிறவருக்கு அது தெரியாமலும் இருக்கலாம், அதால முகத்தை முறிக்காமல் கேளுங்கோ. ஒற்றைக் கண்டாப் பிறந்த ஊர் நாகு ஒண்டு, அதின்ட தாய் எவ்வளவு கறக்குதெண்டு காலையில ஒருக்காப் போய் நீங்களே பாத்திட்டு, அதை வாங்குங்கோ.